மரையில் உதிர்ந்த பூச்சு

மார்ச் 4

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று ஒரு புகார்க் கடிதத்தை ஆரம்பித்துவிட்டேன்.

ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு ஒன்பது வருடம். எலும்புப்புரை வந்து முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்த, உடம்புக்குள் தானாகக் கரையும் மெக்னீசிய ஸ்க்ரூ. அதன்மேல் எலும்பு பற்றி வளரும் கால்சியம் பூச்சைப் போட்டவன் நான். இப்போது குளியலறைக் குழாயின் குரோமியப் பூச்சைச் சோதிக்கிறேன். அந்த ஸ்க்ரூவைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் இல்லை. முதல் பெயர் இஸ்திரியுடையது (சட்டை கசங்காத என் சகா). நான் எழுதித் தந்த எச்சரிக்கைப் பக்கமும் இல்லை. கையால் அல்லாமல் மெஷினால் முடுக்கினால் ஸ்க்ரூவின் மரையில் பூச்சு உதிர்கிறது. உலோகம் வேகமாகக் கரைந்து வாயு கிளம்பும். எலும்பு கூடுவதற்குள் பிடி விட்டுவிடும். இதுதான் அந்தப் பக்கம்.

"சின்ன விஷயம்பா, பின்னாடி பாத்துக்கலாம்" என்றான் இஸ்திரி அப்போது. பின்னாடி வரவே இல்லை.

மார்ச் 5

நான்கு பக்கம் ஆகிவிட்டது. கடிதம் இன்னும் அவன் கல்யாணத்துக்கு என்னை அழைக்காததிலேயே நிற்கிறது.

மார்ச் 9

துணி காயப்போடப் போன அக்கா வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்புப்புரையாம். டாக்டரம்மா சொன்னார்: "புது ஸ்க்ரூ ஒண்ணு இருக்கு. தானா கரைஞ்சிடும், மறுபடி கிழிச்சு எடுக்க வேணாம். இன்னும் சோதனையிலதான் இருக்கு, நீங்க சம்மதிச்சா போடலாம்."

அதே ஸ்க்ரூ.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ செஞ்சதுதானேடா? போடச் சொல்லு."

தலையாட்டினேன். ஏன்? அவளாவது அதை என்னுடையது என்று சொன்னதாலா?

மார்ச் 12

ஆபரேஷன் முடிந்தது. எதால் முடுக்குவார்கள் என்று முன்பே கேட்கவில்லை. கேக்கலியே! படிச்ச முட்டாள்.

மார்ச் 27

எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி மெலிதாகக் கறுப்பு நிழல். வாயு. ஒரு கணம், 'பாத்தியா!' என்று மனம் குதித்தது. அக்காவின் கையைப் பார்த்து! சீ.

"கொஞ்சம் வாயு எல்லாருக்கும் வரும், தானா போயிடும்" என்றார் டாக்டரம்மா.

நான் சொன்னது சரியா, தப்பா? அக்கா கை கூடவேண்டுமானால் நான் தப்பாக இருக்க வேண்டும். ஒன்பது வருடமாக நான் சரி என்பதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 3

"மூஞ்சிய ஏன்டா இப்படி வச்சிருக்க? ஒடைஞ்சது என் கையா, உன் கையா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "எங்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"



ஏப்ரல் 4

அக்கா காபி மட்டும் இடது கையால் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 24

எலும்பு கூடிவிட்டது. நிழலும் இல்லை. எனக்கு சந்தோஷம்தான். சந்தோஷம்தானே?

அக்காவே கேட்டாள். "டாக்டரம்மா, ஸ்க்ரூவ மெஷின் வச்சா முடுக்குனீங்க?"

"உங்க எலும்பு ரஸ்க் மாதிரி இருந்துச்சும்மா. மெஷின் வச்சா பொடிஞ்சிருக்கும். கையாலதான் முடுக்குனேன்."

"மத்த டாக்டருங்க?"

"அது அவங்கவங்க பழக்கம். எப்படி வேணா முடுக்கலாம்னுதான் கொடுத்திருக்காங்க."

அப்படியானால் நான் எழுதியதை இந்தக் கை பொய்யாக்கவில்லை. வேறு யார் யார் கையிலோ மெஷின் வைக்கிறார்கள். வாயைத் திறந்தேன். "அந்தக் கட்டுரை எழுதினவன் இருக்கானே, அவன்..." என்றுதான் வந்தது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "ஸ்க்ரூவப் பத்திப் பேசுறியா, மாப்பிள்ளை வீட்டுச் சண்டையா?"

ஏப்ரல் 25

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். விட்டுப்போன அந்த ஒரு பக்கத்தை மட்டும் அளவுகளோடும் படங்களோடும் தட்டச்சு செய்தேன். நம்பாதவர்கள் ஒரு ஸ்க்ரூவை மெஷினால் முடுக்கிக் கழற்றிப் பார்த்தால் போதும். சோதனை நடக்கும் ஆறு மருத்துவமனைகளுக்கும் ஆறு பிரதி. ஏழாவது இஸ்திரிக்கு.

"கீழ பேரு போடலியாடா? அதுக்குத்தானே இத்தன வருஷம் குதிச்ச?"

போட்டால் பெயரைத்தான் படிப்பார்கள். மறுபடி என் சண்டை ஆகிவிடும். அதுதான் காரணமா, பயமா? தெரியவில்லை. தெரிந்துகொள்ளும்வரை காத்திருந்தால் இன்னொரு ஒன்பது வருடம் போய்விடும்.

அக்கா வலது கையாலேயே ஏழு உறைகளிலும் தபால்தலை ஒட்டினாள். மெதுவாகத்தான் ஒட்டினாள், ஆனால் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள். நாளைக் காலை, பெயர் இல்லாமலே, தபாலில் சேர்க்கிறேன்.