செல்வாக்கும் ஒரு பை கெளுத்தியும்

ஐப்பசி 9, வியாழன்.

காலையில் பள்ளிக்கூட விழா. தமிழய்யா மேடையில் என்னைச் செல்வாக்குள்ளவர் என்று சொல்லி, அந்தச் சொல்லுக்கு விளக்கமும் கொடுத்தார். செல்லுகிற வாக்குதான் செல்வாக்காம்; சொன்ன சொல் எங்கேயும் எடுபட வேண்டுமாம். நல்ல கைதட்டல். எனக்கும் இனிக்கத்தான் செய்தது.

மத்தியானம் வீட்டு வாசலில் வழக்கமான கூட்டம். ஒருவருக்கு மனைப்பட்டா, ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்குப் பம்புசெட்டுக்குக் கரண்டு. ஒவ்வொருவருக்காகவும் வலங்கைமானில் இருக்கிற ஆபீசுகளுக்குப் போன் செய்தேன். கூட்டம் கலைந்த பிறகுதான் முருகையன் ஓரமாக நிற்பதைப் பார்த்தேன். கூலிப் போராட்டத்தில் என்னோடு ஒரே விலங்கில் ஜெயிலுக்கு வந்தவன். நான் ஆளுங்கட்சிக்குப் போனதிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டியதே இல்லை. கையில் ஒரு பை வைத்திருந்தான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயில் வந்ததோ, "வாடா, உனக்கு என்ன ஆகணும்? யார்கிட்ட சொல்லணும்?"

அவன் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் ஆக வேணாம். வாய்க்கால்ல கெளுத்தி கெடச்சிது. ஒனக்குப் புடிக்குமேன்னு எடுத்தாந்தேன்."

பையை வைத்துவிட்டு நடந்தான். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. வலங்கைமான் வரைக்கும் செல்லுகிற வாக்கு, வாசல் படலைத் தாண்டவில்லை.

குழம்பு அடுப்படியில் அப்படியே இருக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை. நாளைக்கு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். கார் வேண்டாம், நடந்தே போகலாம். எதுக்கு வந்தே என்று கேட்பான். சும்மாதான் என்று சொன்னால், அவன் நம்ப வேண்டுமே.