நஜ்மா விட்டுப்போன வீடு

1981 மார்ச் 3

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது புத்தகக் கட்டுகள் முன்னறையில் இறங்கியிருந்தன. முந்நூறு பிரதி. அட்டையில் என் நஜ்மாவின் முகத்தில் நீல மை கொஞ்சம் கூடிவிட்டது. இரண்டு வருடமாக அப்பியாசக் கொப்பிகளில் எழுதிய கதை, ‘ஆழிநகர் நஜ்மா’ என்று அச்சில். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மீன்கள் பேசுவது கேட்கிறது. கடலை ஒட்டிய களப்பு நீருக்கு அடியில் உள்ள நகரத்துக்குப் போய், பூட்டிக்கிடந்த கடல் கதவை இழுத்துத் திறந்து அலைகளை விடுகிறாள். கடலரசனின் மகனைக் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிடுகிறாள்.

வயலிலிருந்து வந்த என் கணவர் கட்டொன்றைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு கடதாசியா? விதச்சா மொளைக்கிற சாமானா இது, றாஹிலா?”

நானும் சிரித்தேன்.

மகள் கமீலா பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். எங்கள் வளவிலேயே அவளுக்கான வீடு யன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. வீடு முடிந்ததும் கலியாணம் என்று அவரும் மாப்பிள்ளை வீட்டாரும் பேசி வைத்திருக்கிறார்கள். பிள்ளையோ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். எது முதலில் வருமோ.

மார்ச் 11

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து ஒரு வாரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஸகியா மட்டும் பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

மார்ச் 19

ஸகியாவின் தாய் சல்மா உம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். முக்காட்டை இழுத்துச் சொருகியபடி வாசலில் நின்ற விதத்திலேயே சண்டைக்கு வந்தவர் என்று தெரிந்தது.

“டீச்சர், ஒங்கட புத்தகத்தால எங்கட ஊட்டுல மூணு நாளா சோத்துக்கு மீன் ஆணம் இல்ல.”

“ஏன், என்ன நடந்த?”

“மீன அரியச் சொன்னா புள்ள கத்தியக் கீழ வச்சிட்டு அதுட வாயப் பாத்துக்கிட்டு இரிக்கா. ‘உம்மா, இது என்னமோ சொல்லுது’ எண்டுறா. செத்த மீன் என்னத்தச் சொல்லும் டீச்சர்? ஐஸ் போதாது எண்டு சொல்லுமா?”

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். போகும்போது திரும்பி நின்று, “கத நல்லம்தான். நானும் படிக்கச் சொல்லிக் கேட்ட. ஆனா கடைசி எனக்குப் புடிக்கல்ல” என்றார். ஏன் என்று கேட்க முன்னர் மணி அடித்துவிட்டது.

மார்ச் 27

சல்மா உம்மாவுக்குக் கடைசி ஏன் பிடிக்கவில்லை என்று இன்று தெரிந்தது. கடைசிப் பாடத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகத் தொடங்கிவிட்டார்கள்.

“டீச்சர், நஜ்மாட ஊடு என்னாகின?”

எந்த வீடு என்று கேட்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் அவளுடைய வாப்பா சிப்பிச் சுண்ணாம்பில் கட்டிய வீடு என்றார்கள். எழுதிய எனக்கே அது மறந்துபோயிருந்தது!

“அதுல இப்ப ஆரு இரிக்கிற?”

“அது கதைக்கு வேண்டியதில்லை பிள்ளைகள்” என்றேன்.

“அவட பேருல கட்டின ஊடுதானே டீச்சர்? மறுகா என்னத்துக்கு மாப்பிளட ஊட்டுல போய் இரிக்கா?”

பின் வாங்கிலிருந்து ஸகியாவின் குரல்: “கடல்ராசாட மகன் எண்டாலும் மாப்பிள மாப்பிளதானே. அவருதானே வரணும்!”

வகுப்பே அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 2

கல்முனைச் சந்தையில் சாரதாதேவி டீச்சரைக் கண்டேன். தமிழர் ஊரான பாண்டிருப்புக்காரி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பத்து நாளாகப் புத்தகம் அவளிடம்தான். நகரத்தை நன்றாக எழுதியிருக்கிறேனாம். மீன்களின் பேச்சு அருமையாம். நான் கடைசி அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டேன். கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்தபடியே சொன்னாள்:

“எங்கட பக்கத்திலயும் வீடு பொம்பிளப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளதான் வந்து இருக்கிற. இது நீங்க ஆரிட ஊர்க் கதைய எழுதினீங்க?”

வழியெல்லாம் அதுதான். ஆருடைய ஊர்க் கதை? சிறுவயதில் வாசித்த கதைகளிலெல்லாம் பெண் கடைசியில் ஓர் அரண்மனைக்குப் போனாள். நானும் அனுப்பிவிட்டேன். என் உம்மா போகவில்லை, நான் போகவில்லை, இந்தக் கரையில் எனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் போகவில்லை. இவ்வளவு பேர் சுற்றிலும் இருக்க, எழுதும்போது ஒருத்தி கூடவா என் நினைவுக்கு வரவில்லை?

ஜூன் 16

கமீலாவின் பெறுபேறு வந்தது. பேராதனைக்குத் தாராளமாகப் போதும். அவர் சந்திக்குப் போய் மஸ்கட் இனிப்பு வாங்கி வந்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். சாப்பிட்ட பிறகுதான் மெல்லச் சொன்னார்:

“படிப்பு நல்லம்தான். மாப்பிள ஊட்டார் ஹஜ்ஜிப் பெருநாளோட முடிக்கணும் எண்டுறாங்க. கட்டின ஊட்டப் பூட்டி வச்சிட்டு கொமருப் புள்ளய கண்டிப் பக்கம் அனுப்பினா ஊரு என்ன கதைக்கும்?”

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

ஏன் போனேன்? பேச வேண்டிய இடம் அதுதானே. பத்தொன்பது வயதில் என் கையிலும் பேராதனைக் கடிதம் இருந்தது. அப்போது இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். “வீடு காத்துக்கொண்டு நிற்குது மகள்” என்றார் என் வாப்பா. கமீலா பிறந்த பிறகுதான் பயிற்சிக் கல்லூரிக்காவது போகக் கிடைத்தது. கணவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மனிதர். சுவரைத்தான் சில நாட்களில் பார்க்கப் பிடிப்பதில்லை.

ஜூலை 9

நோன்பு. மூன்று நாளாகக் கமீலா நோன்பு திறந்ததும் எழும்பித் தன் அறைக்குப் போய்விடுகிறாள்.

ஆகஸ்ட் 14

பல்கலைக்கழகக் கடிதம் வந்து மேசையில் கிடக்கிறது. அவர் இரண்டு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். இன்னும் பதில் எழுதவில்லை.

பிரதிகள் தீர்ந்துவிட்டன என்று அச்சக முதலாளி ஆள் அனுப்பினார். திரும்ப அடிக்கலாமாம், திருத்தம் இருந்தால் இப்போதே கொடுக்கட்டுமாம். கடைசி அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு பின்னேரம் முழுவதும் இருந்தேன். நஜ்மாவை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அங்கேயே விட்டால் பிள்ளைகள் வீட்டைக் கேட்கிறார்கள்.

கமீலா தோளுக்கு மேலால் பார்த்தாள்.

“உம்மா, ஊட்ட விட்டுத் திரும்பிப் பாக்காமப் போக விரும்பின நஜ்மாவா, நீங்களா?”

எனக்குச் சுள்ளென்றது. அந்தப் பக்கம் போ என்றேன். அவள் போகவில்லை.

“எனக்கு அந்த ஊடு விருப்பம் உம்மா. நான் சொன்ன இடத்துலதான் வாப்பா யன்னல் வச்சிரிக்காரு. எனக்கு ஊடும் வேணும், படிக்கவும் வேணும். அதுக்கு நான் என்ன செய்ற?”

நஜ்மாவின் கேள்வியும் அதுதான். பிரதியை மூடி அலுமாரியில் வைத்தேன்.

செப்டம்பர் 3

அறுவடை. அவர் நாலு நாளாக வயல் வாடிக் குடிசையில். அலுமாரியில் இருந்த என் பிரதியைக் காணவில்லை. வீட்டுக்கு வந்துபோகும் ஸகியாதான் எடுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 7

புத்தகத்தை ஸகியா எடுக்கவில்லை. மாற்று உடுப்பு எடுக்க வந்த அவருடைய பைக்குள் துவாயில் சுற்றியபடி இருந்தது. ஆறாம் அத்தியாயம் வரை பக்க ஓரங்களில் சேற்றுப் பெருவிரல் அடையாளம். இருபத்தைந்து வருடத்தில் இந்த மனிதர் பத்திரிகை தவிர வேறொன்றை வாசித்து நான் கண்டதில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12

நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே திடீரென்று சொன்னார்:

“ஒன்ட கதைல ஒரு பெரிய பிழை.”

வீடுதானே என்று நினைத்தேன்.

“அந்தப் புள்ள கடல்க் கதவ ஒரே இழுவையில தொறக்கா. அப்பிடித் தொறந்தா வரம்பெல்லாம் போயிடும். மதகு தொறக்கிறதெண்டா கொஞ்சம் கொஞ்சமாத்தான். தெரியாட்டி என்னட்டக் கேட்டிருக்கலாமே?”

“நீங்க எப்ப கதை வாசிச்சீங்க, நான் ஒங்களிட்டக் கேக்க?”

அவர் அதற்குச் சிரித்தார். இரண்டாவது காலைக் கழுவினார். பிறகு:

“மறுகா, அந்தப் புள்ளட வாப்பா என்ன மனிசன்? ஊட்டக் கட்டினவன், போகக்குள்ள தொறப்பக் கையில குடுத்து அனுப்பி இரிக்க வேணாமா? தொறப்பு கையில இரிந்தா எங்க போனாலும் அவட ஊடு அவட ஊடுதானே.”

சாவி! என் கதையில் திறப்பு என்று ஒன்றே இல்லை. வாளியைக் கீழே வைத்தேன்.

“ஊடு பூட்டிக் கெடந்தா ஊர் கதைக்கும் எண்டு சொன்ன நீங்கதானே?”

“ஓம், சொன்னதான்.” வாளியை எடுத்து மிச்சத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். “கதைக்கட்டுமே. ஊடு ஆர்ர? புள்ளட. அவ பூட்டுவா, அவ தொறப்பா. மாப்பிள ஊட்டாருக்கு நேத்து ஆள் அனுப்பின நான். மூணு வருசம் பொறுக்கேலும் எண்டா பொறுக்கட்டும். ஏலாட்டி வேற இடம் பாக்கட்டும்.”

கமீலா குசினி யன்னலுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். ஏதோ பாத்திரம் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

நான் இந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். இது என் பெயரில் இருக்கிறது. இதைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? என் வாப்பாவும் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 20

கடைசி அத்தியாயம் ஒரே இருப்பில் வந்துவிட்டது. நஜ்மா கடல் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறாள். இளவரசன் மாப்பிள்ளையாக வர விரும்பினால் சிப்பிச் சுண்ணாம்பு வீட்டுக்கு வரட்டும் என்று மீன்களிடம் சொல்லி அனுப்புகிறாள். அதுவரை அவளுக்கு ஏழு கடல் பார்க்க இருக்கிறது. வாப்பா கொடுத்த திறப்பு இடுப்பில்.

வகுப்பில் வாசித்தேன். ஸகியா மட்டும் கேட்டாள்: “கடல்ல திறப்பு துருப் பிடிக்காதா டீச்சர்?” பித்தளை என்று எழுத வேண்டும்.

இப்போது மீன் அரிகிறாளாம். அரிய முன்னர் அதனிடம் மன்னிப்புக் கேட்கிறாளாம். “கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், ஆணம் ஆகினாச் சரி” என்றார் சல்மா உம்மா.

செப்டம்பர் 29

மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அவர் அதைப் பற்றிக் கேட்பதுமில்லை.

ஒக்டோபர் 18

விடிய ஆறு மணிக் கண்டி பஸ்ஸில் கமீலா போனாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள், நான் பொரித்துக் கொடுத்த பலகாரம். பஸ் வெளிக்கிட முன்னர் அவர் சேர்ட் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்து யன்னல் வழியாக நீட்டினார். சிவப்பு நூலில் கட்டியிருந்தது. பித்தளை.

“துலச்சிடாத மகள். ஒண்டுதான் இரிக்கி.”

அவள் வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.  பஸ் போன பிறகும் அவர் சந்தியிலேயே நின்றார்.

பின்னேரம் அவளுடைய புது வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கூரை போட்டாகிவிட்டது. அவள் சொன்ன இடத்து யன்னல் வழியாகத் தென்னைகள் தெரிந்தன. அந்தத் திறப்புக்கான புதுப் பூட்டு எண்ணெய்க் கடதாசியில் சுற்றியபடி யன்னல் ஓரத்தில் இருந்தது. வாசலில் கதவு இன்னும் இல்லை. ஒரு கோழி உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

மாரி மழை தொடங்க முன்னர் கதவு போட வேண்டும். நாளை மரவேலை ஓடாவிக்குச் சொல்லி அனுப்புவது.