எயினியின் குரலை அவளிடமே சேர்ப்பித்த ஓலை

பூழிமலையும் அதன் மூன்று ஆற்றுமுகங்களும் ஒரு குடைக்கீழ் வாழ ஆளும் அரசி திருமாநங்கையார் சொல்லியருள, ஓலைநாயகம் கண்ணந்தை எழுதியது. அக்கரையில் கடற்குடி நாட்டின் துறைமுகம் காக்கும் தலைவர், புயலில் தவறி வரும் கலத்துக்கும் இடம் தரும் பெருமகனார், வயிரமேகனார் காண்க. உமது துறையின் விளக்கு அணையாதிருக்கட்டும். உமது வலைகளும் வயல்களும் நிறையட்டும். இங்கு அரசியாரும் குடிகளும் நலம்.

இவ்வோலையோடு ஒரு மண்குடம் வருகிறது. அதன் வாய் மெழுகால் அடைக்கப்பட்டிருக்கிறது. அதை எவரும் திறக்கலாகாது. காரணம் தெரியாமல் ஒரு பொருளைக் காப்பது கடினம் என்று அரசியார் கருதுவதால், நடந்தது இங்கே விரித்து எழுதப்படுகிறது.

உமது நாட்டில் ஒலிக்குடம் இல்லை. எமது பள்ளிகள் எல்லாவற்றிலும் உண்டு. குடத்தின் வாய் திறந்திருக்கும்போது அதன் முன் பேசுவது உள்ளே தங்கும். மெழுகால் அடைத்து, பிறகு திறந்தால் அதே குரலில் திரும்பக் கேட்கும். பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதை ஆசிரியர்கள் இதில் பிடித்து வைத்து, மாலையில் கேட்டுப் பிழை திருத்துவார்கள். பிடித்த குரலை அழிக்க ஒரே வழி குடத்தை உடைப்பது. உடைக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் ஒருமுறை ஒலித்து அடங்கும். ஆண்டு முடிவில் குடங்களை ஆளில்லாத மணல்திட்டில் உடைக்கவேண்டும் என்று விதி இருந்தது. நல்ல குடத்தை ஏன் உடைப்பது என்று பள்ளிகள் அவற்றைப் பரணில் அடுக்கி வைத்தன. கேட்பார் இல்லை.

படுகரை என்னும் எமது துறையூரில், கப்பற்பாய் தைக்கும் சாத்தி என்பவள் இருக்கிறாள். கணவனை இழந்தவள். அவள் ஒரே மகள் எயினி. அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர் நம்பன் கெட்டவர் அல்லர். ஆனால் விளையாட்டு வேளைக்கு ஒருமுறை, பாட வேளைக்கு ஒருமுறை என்று மெழுகு காய்ச்சி அடைத்துத் திறக்கச் சலிப்புற்று, காலையில் திறந்த குடத்தை மாலையில்தான் அடைத்து வந்தார். அதனால் பாடத்தோடு பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சும் குடத்தில் ஏறியது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்களிடம் எவரும் சொல்லவும் இல்லை.

ஒரு மாலை நம்பன் பாடம் கேட்கத் திறந்தபோது, எயினி தன் தோழியிடம் பேசியது கேட்டது. உமது நாட்டு வான்கணக்கு மண்டபத்தில் சேர்ந்து படிக்க, வரும் பருவக்காற்றில் கலம் ஏறப்போவதாக அவள் சொல்லியிருந்தாள். பெண்பிள்ளை சொல்லாமல் கடல் ஏறுவதா என்று நம்பன் அஞ்சினார். அவளை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாயை அழைத்துவந்து குடத்தைத் திறந்து காட்டினார். சாத்தி கேட்ட கடைசிச் சொற்கள், வழக்கில் அவள் சொன்னபடியே திருத்தாமல் எழுதப்படுகின்றன:

“அம்மாகிட்ட சொல்லிடாதடி. அழுவா. அவ அழுதா நான் போகமாட்டேன்.”

சாத்தி வீட்டில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நேரே துறைக்குப் போய், தன் மகளை ஏற்றும் கலத்துக்கு இனிப் பாய் தைப்பதில்லை என்று மாலுமிகளிடம் சொல்லி வந்தாள். கலம் எயினியை ஏற்றாமல் போயிற்று. ஏன் என்று விசாரித்து, தாய் செய்ததையும் தன் பேச்சு குடத்தில் பிடிபட்டதையும் அவள் அறிந்தாள். அன்று முதல் அவள் தாயிடம் பேசவில்லை. கேட்டதைச் செய்தாள், கொடுத்ததை உண்டாள், வாய் திறக்கவில்லை. தானாக முடிவு செய்யும் வயது வந்ததும், எவர் தடையும் செல்லாது என்ற எமது சட்டப்படி கலம் ஏறினாள். போகும்போதும் ஒரு சொல் இல்லை. இப்போது உமது மண்டபத்தில் விண்மீன் கணக்கு எழுதுகிறாள் என்று அறிகிறோம்.

சாத்திக்கு மகளின் முகம் நினைவில் இருக்கிறது. குரல் நழுவிக்கொண்டே போகிறது என்று அவள் சொன்னாள். பாடவேளையில் பள்ளிச் சுவருக்கு வெளியே நின்று, எயினி ஒப்பித்த அதே பாடத்தை வேறு பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்பாளாம். ஏதோ ஒரு பிள்ளை ஓரிடத்தில் மூச்சு வாங்கும். எயினியும் அங்கேதான் வாங்குவாள். அதற்காக மறுநாளும் போவாள். நம்பன் அதைப் பார்த்து மனம் பொறுக்காமல், பரணில் அந்தக் குடம் இருக்கிறது, எவருக்கும் தெரியாமல் திறந்து காட்டுகிறேன் என்று அழைத்தார். அவள் போகவில்லை. திருட்டுத்தனமாக ஒருமுறை கேட்டது போதும் என்று கூறி, குடத்தைத் தனக்கே உரிமையாக்கித் தரவேண்டும் என அரசவையில் முறையிட்டாள். அதே மாதத்தில் உமது கலத்தில் எயினியின் முறையீடும் வந்தது. அது மிகச் சிறியது: என்னைக் கேட்காமல் பிடித்த என் பேச்சை உடைத்து அழியுங்கள்.

வழக்கு கேட்கப்பட்டது. பிள்ளை தவறான வழியில் போனால் காப்பது பள்ளியின் கடமை அல்லவா, அதற்குக் குடம் உதவியதே என்று நம்பன் வாதிட்டார். சாத்தி அவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“மூடி போடச் சோம்பல் பட்டவருக்குக் காவல் காக்க மட்டும் சுறுசுறுப்பா ஆசானே? பக்கத்துலதானே இருந்தா. கூப்பிட்டுக் கேட்டா வாய் வலிக்குமா?”

அவை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தான் சொன்னது தன் மேலும் விழுவதை அப்போதுதான் அறிந்தவள் போல அமர்ந்துவிட்டாள்.

அரசியார் தீர்ப்பளித்தார். பேச்சு பேசியவருக்கே உரியது. பள்ளிக்குப் பாடம் மட்டுமே கொடுக்கப்பட்டது. மற்றது கேளாமல் எடுக்கப்பட்டது. பெற்றவள் என்பதால் தாய்க்கும் அதில் பங்கில்லை; ஆள்பவர் என்பதால் அரசுக்கும் இல்லை. ஆகவே குடம் உடைபடவேண்டும். உடைப்பவர் காதில் அது விழுமே என்ற ஐயம் எழுந்தபோது, செவிப்புலன் இல்லாத ஒருவரைக் கொண்டு மணல்திட்டில் உடைக்கலாம் என்று அமைச்சர் ஒருவர் வழி சொன்னார். அது ஏற்கப்பட இருந்தது. சாத்தி எழுந்து நின்றாள்.

“உடைச்சிடுங்க, தாயே. நான் கேட்டதை விட்டுட்டேன். ஆனா அவ குரல் யாரும் கேக்காம மணல்ல போகவேணாம். அவகிட்டயே குடுங்க, அவ உடைக்கட்டும். அப்போ நான் பக்கத்துல நிக்கலாமான்னு மட்டும் கேட்டு எழுதுங்க. இதுவரைக்கும் அவளை ஒருத்தரும் எதுவும் கேக்கலை.”

அரசியார் அவ்வாறே எழுதச் சொன்னார்.

எமது பள்ளிகளுக்கு ஆணை இது. குடத்தின் முன் நிறுத்துமுன் பிள்ளைக்கு விளங்கும் சொல்லில் சொல்லி, அதன் சம்மதம் பெறுக. பாடம் முடிந்ததும் மூடுக. பிடித்ததைப் பெற்றோர் உள்பட எவருக்கும் அப்பிள்ளையைக் கேளாமல் திறந்து காட்டற்க. பரணில் உள்ளவை ஆண்டு முடிவதற்குள் உரியவர் கையில் சேரவேண்டும். இந்தக் குடத்தைத் துறைவரை சுமந்து வரும் வேலையை நம்பனே கேட்டுப் பெற்றார்.

உமக்கு ஆணை இல்லை, வேண்டுகோள். குடத்தை எயினியின் கையில் கொடுக்கச் செய்க. அவள் தாய் இதே கலத்தில் இருக்கிறாள். மகளின் விடை வருமுன் உமது கரையில் கால் வைப்பதில்லை என்று அரசியாரிடம் உறுதி சொல்லியிருக்கிறாள். குடத்தை உடைக்கும்போது தாய் அருகில் நிற்கலாமா என்று எயினியிடம் கேட்கச் செய்க. தாய் அழுதாள் என்றோ இளைத்தாள் என்றோ சொல்லி எவரும் எயினியின் மனத்தைத் திருப்பவேண்டாம். மறுத்தால் காரணம் கேட்கவேண்டாம். அவள் சொல்லும் சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் கலத்துக்கு அனுப்புக.

சாத்தி எமது குடி. இறங்கினாலும் திரும்பினாலும், அவளுக்குக் குடிக்க நல்ல நீர் கொடுக்கச் செய்க.

இரட்டை நாரை முத்திரை இட்டோம். இவ்வோலை அரசியார் சொல். எழுதிய கை கண்ணந்தையுடையது. உமது கொற்றம் நீடு வாழ்க.