லந்திரின் சிரிப்பு

தவாவ்,
3 மார்ச் 1996

அன்புத் தம்பி கெலிக்குக்கு,

அண்ணன் வர்சித்தோ எழுதுவது. இடுப்பைத் தவிர மற்றெல்லாம் நலம். நம் ஊர் சோலோவில் உன் பறவைகள் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கின்றனவா? உன்னைப் பற்றி அப்படிக் கேட்டுப் பயனில்லை.

கடல் தாண்டி வீட்டுக்கு வர நேரமில்லை, காட்டில் பறவைக்குப் பின்னால் அலைய மட்டும் நேரமா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். மாதத்தில் பாதி நாள் முதலாளி என்னை மரம் வெட்டும் முகாம்களுக்கு ஜெனரேட்டர் பழுதுபார்க்க அனுப்புகிறார். ஒரு பையில் ஸ்பேனர்கள், இன்னொரு பையில் டேப் ரெக்கார்டர். வேலை முடிந்ததும் ஓடைப் பக்கம் போய் உட்கார்ந்து குரல்களைப் பதிவு செய்கிறேன். தாமதமாகத் திரும்புவதற்கு முதலாளியிடம் திட்டும் வாங்குகிறேன். இது இல்லாவிட்டால் நானும் இங்குள்ளவர்களைப்போல் ஆகிவிடுவேன். போன வாரம் முகாமில் இரண்டு பேர் ஒரு சேவலுக்காகச் சங்கிலியால் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கண் போயிற்று. ரத்தத்தைக் கழுவிவிட்டு அதே மேசையில் எல்லோரும் சோறு தின்றோம்.

இத்துடன் ஒரு கேசட் அனுப்புகிறேன். சோலைப்பாடிதான், ஆனால் நம் ஊர்ச் சந்தையில் பார்ப்பது போலில்லை. இதற்கு உச்சந்தலை வெள்ளை. கடைசி முகாமைத் தாண்டி இரும்புப் பாலத்துக்கு மேலே, உப்பு ஊற்றுப் பக்கத்தில் இதன் ராஜ்ஜியம். பதிவு செய்யும்போது என் தலையில் எச்சம் போட்டுவிட்டது. பாட்டின் முடிவில் கேட்கும் சிரிப்பு காட்டுக்காவலர் லந்திருடையது. இந்த மண்ணின் ஆள், இங்கே எனக்கிருக்கும் ஒரே நண்பர். அவர் சிரித்தால் டீசல் தீர்ந்த எஞ்சின் இருமுவதுபோல் இருக்கும்.

அங்கேயே கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். எவனோ தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்று அந்தப் பறவை பெட்டிமேல் பாய்ந்தது. அலகில் ரத்தம் வரும்வரை கொத்தியது. லந்திர்தான் பெட்டியை அணைத்தார். "தன் குரலோடவே சண்டை போடுது பாருங்க. இதைப் பிடிக்க வலையே வேணாம், இந்தப் பொட்டி போதும்" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன். உன் போட்டிப் பறவை தளபதிக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்க மட்டும் இதைப் போடு. வேறு யார் கையிலும் கொடுக்காதே. நீ இங்கே வேலை செய்ய வேண்டிய பெர்மிட்டுக்கு முதலாளியிடம் சொல்லியாயிற்று. ஆகஸ்டில் நீ என்னோடு இருப்பாய்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அண்ணன் வர்சித்தோ


சோலோ,
28 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

கால் தொட்டு வணங்கி எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தளபதி ஜெயித்துவிட்டது அண்ணா. கேசட்டை அதற்கு ராப்பகலாகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் உங்கள் காட்டுப் பாட்டை அப்படியே பாடியது. அதோடு விட்டதா? கடைசியில் லந்திர் அண்ணன் மாதிரியே சிரித்தது. நடுவர்கள் எங்கள் கூண்டுக்கு முன்னால் வெற்றிக் கொடியை நட்டார்கள்.

தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கூண்டுக்குள் டேப்பை ஒளித்து வைத்திருக்கிறான் என்று ஒருவன் கம்பால் என் வாயிலேயே போட்டான். இரண்டு பல் போயிற்று. நான் திருப்பிக் கொடுத்ததில் அவன் மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. என் வலது கையை மிதித்து நசுக்கினார்கள். யாருடைய கூண்டோ காலடியில் நொறுங்கி உள்ளே இருந்த பறவை செத்தது. கடைசியில் போலீஸ் வந்து எல்லோரையும் தடியால் பாரபட்சமில்லாமல் கவனித்தது.

பறவை வியாபாரி பர்ஜோதான் என்னைத் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். எவ்வளவு பெரிய மனிதர்! இந்தப் பாட்டுக்கு வாத்தியார் யார் என்று கேட்டார். என் அண்ணன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். கேசட்டை ஒரே ஒரு நாள் வைத்திருந்து தருகிறேன் என்றார். உயிரைக் காப்பாற்றியவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆகஸ்டை நினைத்துக்கொண்டே தூங்கும்
தம்பி கெலிக்


தவாவ்,
16 ஜூன் 1996

கெலிக்குக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் காட்டில் இருந்தேன். திரும்பி வந்து, சட்டையில் ரத்தம் காயுமுன் அதைப் படித்தேன்.

இரும்புப் பாலத்தில் உட்கார்ந்து லந்திரும் நானும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தோம். மேலே சோலைப்பாடி பாடியது. பாட்டு முடிந்ததும் காட்டுக்குள்ளிருந்து லந்திர் சிரித்தார். என் பக்கத்தில் இருந்த லந்திர் வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தார்.

"நான் இங்க இருக்கேன். அங்க சிரிக்கிறது யாரு?"

எழுந்து ஓடினார். நில்லுங்கள் என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. அன்று பெட்டிமேல் பாய்ந்த பறவையின் வேகம் அவருக்கு வந்துவிட்டது. நான் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூன்று பேர். பிசின் தடவிய குச்சிகளில் பறவைகள் தலைகீழாகத் தொங்கின. லந்திரின் வலது கையை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். பாறைமேல் டேப் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஸ்பேனரால் ஒருவன் தாடையில் அடித்தேன். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். விழுந்தவன், "அடிக்காதீங்கண்ணே, நானும் சோலோதான். பர்ஜோ அனுப்பினாரு" என்றான். நம் தெருப் பேச்சு, கெலிக். அதைக் கேட்ட பிறகும் அடித்தேன். கேட்டதால்தான் அடித்தேன். அவன் பிழைப்பானா என்று தெரியாது.

என் பெல்ட்டால் கையைக் கட்டி லந்திரை ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். உயிர் இருக்கிறது. நேற்றுத்தான் வாய் திறந்தார். "கை போனது போகட்டும். என் சிரிப்பு கண்டவன் பொட்டியில இருக்கக் கூடாது. அதை வாங்கிக் குடுங்க." அவ்வளவுதான் கேட்டார்.

அந்தக் கேசட்டை, அதைப் பார்த்து எடுத்த ஒவ்வொரு கேசட்டையும் வாங்கு. ஆகஸ்டில் வரும்போது கொண்டுவந்து அவர் கையில் கொடு. தப்பு செய்தவன் தானே எதிரில் நின்று வாயால் ஒப்புக்கொண்டால்தான் இவர்கள் வழக்கப்படி பகை தீரும். லந்திரின் அண்ணன்மாரிடம் உன்னைக் கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வந்துவிடு. நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

வர்சித்தோ


சோலோ,
14 ஜூலை 1996

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அன்றே இரும்புக் கம்பியோடு பர்ஜோ வீட்டுக்குப் போய்க் கண்ணில் பட்ட கூண்டையெல்லாம் அடித்து நொறுக்கினேன். அவர் ஆட்கள் என்னைத் தூணில் கட்டி வைத்து உதைத்தார்கள். விலா எலும்பு விரிசல், மூச்சு விட்டால் குத்துகிறது.

கேசட் திரும்பாது அண்ணா. பிரதி எடுத்து ஊர் ஊராக விற்றுவிட்டார்கள். இப்போது எந்தத் திடலுக்குப் போனாலும் லந்திர் அண்ணன் சிரிக்கிறார். அது ராசியான சிரிப்பு என்று வேறு பேசிக்கொள்கிறார்கள்.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டபோது, பகை வேண்டாம் என்று சொல்லி பர்ஜோ ஒரு பறவையை என் கையில் வைத்தார். வெள்ளை உச்சந்தலை. உங்கள் ஓடையில் பிடித்ததுதான். வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் அதன் வாலைப் பார்த்திருந்தால் நீங்களும் வாங்கியிருப்பீர்கள். இரை எடுக்க மாட்டேன் என்கிறது. கம்பியில் மோதி மோதித் தலையெல்லாம் ரத்தம். அங்கே அது என்ன தின்னும்?

ஆகஸ்டில் வர நினைத்தேன். அந்த வாரம்தான் பெரிய போட்டி வருகிறது. செப்டம்பரில் வந்தால் லந்திர் அண்ணன் வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்களா? நீங்கள் சொன்னால் தளபதியின் கழுத்தை இன்றே திருகிப் போடுகிறேன். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மன்னிப்பீர்கள் என்று நம்பும்
தம்பி கெலிக்


தவாவ்,
4 ஆகஸ்ட் 1996

கெலிக்,

அந்தப் பறவை முசுறு எறும்பின் முட்டை தின்னும். மண்புழு தின்னும், ஓடை நத்தை தின்னும். உன் கையால் எதையும் தின்னாது. இந்தக் கடிதம் வருமுன் செத்திருக்கும்.

லந்திரின் அண்ணன்மார் முன் நான் தனியாகப் போய் நின்றேன். கேசட்டைக் கொடுத்தவன் பெயரைக் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். அவர்களில் மூத்தவர் ஊரார் முன்னால் என்னைக் கன்னத்தில் அறைந்தார், நான் விழும்வரை. இடது காதில் இப்போது விசில் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. தண்டமாக எருமை கொடுத்தேன், வெட்டினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டோம். பகை தீர்ந்தது என்றார்கள். லந்திர் இடது கையால் சோற்றைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டார். யாரோ ஏதோ வேடிக்கை சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் ஓடைக்குப் போனேன். தண்ணீர் ஓடுகிறது, வேறு சத்தமில்லை. இனி அந்தப் பக்கம் வேலை வந்தால் ஸ்பேனர் பை மட்டும் போதும்.

முதலாளியிடம் உன் பெர்மிட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ செப்டம்பரிலும் வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

தளபதியின் கழுத்தைத் திருகுவேன் என்கிறாய். தொட்டால் நான் வந்து உன் கழுத்தைத் திருகுவேன். அந்த மனிதர் இனிச் சிரிக்கப் போவதில்லை. அதனால் அதற்கு நன்றாக இரை போடு. வாசலிலேயே தொங்கவிடு. விடியும்போதெல்லாம் அது உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

வர்சித்தோ