பூட்ஸின் தேய்ந்த ஓரம்

ஆவடி
12.2.1991

அன்புள்ள பார்வதத்துக்கு,

நீயும் அம்மாவும் பிள்ளைகளும் சுகந்தானே? சின்னவளுக்குச் சளி விட்டதா? காலைத் தவிர நான் நன்றாகவே இருக்கிறேன்.

போன வருடம் கணுக்கால் மூட்டில் சவ்வு தடித்து, லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்று ஆபரேஷன் செய்தார்களே, அதன்பிறகும் பாதத்தில் வலி விடவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. மூன்று முறை டாக்டரிடம் போனேன். மரியாதையாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் குளித்து, நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போனேன். அவரும் கணுக்காலையே படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை செய்யும் அன்வர் பாஷா விடவில்லை. "ஊட்டுக்குப் போயி குளிச்சிகினு வந்தா டாக்டர் கிளம்பிடுவாரு மச்சான், அப்படியே வண்டில குந்து" என்றான். வேலை பூட்ஸோடு அப்படியே போனேன். டாக்டர் அதைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். இடது காலில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. உடனே பாதத்தைப் படம் எடுத்தார். சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் கீறல். பழைய நோய் திரும்பவில்லையாம். திரும்பிவிடுமோ என்ற பயத்தில், ஒரு வருடமாகக் காலைச் சரியாக ஊன்றாமல் ஓரத்திலேயே நடந்திருக்கிறேன், பார்வதம். எனக்கே தெரியவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. நீ கிளம்பி வராதே, பிள்ளைகளுக்குப் பரீட்சை. கட்டுக்கு மேல் பேண்ட் ஏறவில்லை, பழைய வேட்டி இரண்டு அனுப்பு.

கடிதத்தைத் தபாலில் போட அன்வர் வாசலில் நிற்கிறான். அப்பாவின் கைத்தடி பரண்மேல்தானே கிடக்கிறது? அதையும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. அம்மா கேட்டால், இங்கே என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என்று சொல்.

உன்
செல்லையா