திதி விடுபட்ட கல்வெட்டு

மச்சான்,

இன்று காலை என் கடைக்கு ஒரு இளந்தாரி சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட வந்தான். சொலூஷன் மணக்க மணக்க நான் வேலையாக இருக்க, அவனுடைய போனில் என் மகள் பாடிக்கொண்டிருந்தாள். "இந்தப் பிள்ளை நம்மட களுதாவளைதானாம் அண்ணன், தெரியுமா?" என்று என்னிடமே கேட்டான். "கேள்விப்பட்டிருக்கன்" என்றேன். யார் எதற்கு விசாரிக்கிறார்கள் என்று தெரியாமல் வாய் திறக்கும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

கடல் ஊருக்குள் வந்த பிறகு நிவாரண லொறி வந்தது நினைவிருக்கும். ஊரெல்லாம் பானை சட்டி வாங்கிவர, எனக்கு வாய்த்தது ஒரு கிட்டார். பத்தாம் வகுப்பை இரண்டு தரம் எழுதியும் தாண்டாத என் மூளைக்கே விளங்கியது, சும்மா ஒருவன் கிட்டார் தரமாட்டான் என்று. ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நீ சிரித்தாய். உன் மனைவியைக் கடல் கொண்டுபோன பிறகு நீ சிரித்து நான் கண்டது அன்றுதான்.

மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு தானே பாட்டுக் கட்டத் தொடங்கினாள். எனக்குப் பயம். இயக்கம் லவுட்ஸ்பீக்கரில் போட்ட பாட்டைக் கேட்டு எழும்பிப்போய்த் திரும்பாத பிள்ளைகள் நம் பக்கத்திலேயே உண்டு. பின்னேரங்களில் செட்டிபாளையத்திலிருந்து மீனோடு வந்து அவள் பாடுவதைக் கேட்டபடி இருக்கும் உன்மேலும் சந்தேகம்தான். நீதான் உசுப்பிவிடுகிறாய் என்று நினைத்தேன்.

"அவள் பாடுறாள், நான் கேக்கிறன். உனக்கு எங்க நோகுது?"

"எங்க நோகும் எண்டுதான் தேடுறன்" என்றேன்.

சண்டை முடிந்த வருஷம், எந்தப் பேச்சு யார் காதுக்குப் போகும் என்று தெரியாமல் ஊரே மெதுவாகக் கதைத்த காலம். மகள் புதிதாக ஏதோ கட்டினாள். என்னைக் கண்டால் நிறுத்திவிடுவாள். படலைக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன். 'வராமல் போனவளே' என்று ஓர் அடி காதில் விழுந்தது. வராமல் போனவர்களைப் பற்றிப் பாட்டா? சிவில் உடுப்பில் யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது? உள்ளே ஓடினேன்.

"ஆரைப் பத்தின பாட்டு புள்ள அது?"

"மாமிக்குக் கல்வெட்டு அப்பா."

உன் மனைவிக்கு. காதல் பாட்டு என்றாலும் தாங்கியிருப்பேன். செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் ஊர், உறவு, திதி எல்லாம் வைத்துப் பாடுகிற கல்வெட்டை நீ அவளுக்குப் பாட விடவேயில்லை. உடல் கிடைக்கவில்லை. சொந்தக்காரர் கேட்டுக் களைத்துப் போனார்கள். "நான் திதி சொன்னா, அவளை நானே சாகக் குடுத்த மாதிரி" என்பாய். வருஷங்கள் போயும் அவளுக்கென்று சோறு போட்டு மூடிவைக்கிறவன் நீ. இதைக் கேட்டால் உனக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கி, "பாடாத" என்றேன். கேட்டால்தானே.

நீ மீனை வைத்துவிட்டு முற்றத்தில் இருந்ததும் பாடினாள். மாமி பிறந்த ஊர், தகப்பன் பெயர், கோபம் வந்தால் உன்னிடம் பேசாமல் பூனையிடம் உன்னைத் திட்டுவது, எல்லாம் வந்தது. நீ எழும்பினால் பிடித்துக்கொள்ள நான் தயாராக நின்றேன். திதி வரவேண்டிய அடியில் கம்பியை மட்டும் மீட்டிவிட்டு நிறுத்தினாள்.

"இதுல ஒண்டும் வைக்கல்ல மாமா. நீங்க சொன்னா வைப்பன். இல்லாட்டி இப்பிடியே கிடக்கட்டும்."

நீ மணலைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாய்.

"மார்கழிப் பூரணை" என்றாய். பிறகு, "அண்டைக்கு விடியச்சாமம் நிலா ஆத்துல விழுந்து கிடந்திச்சு. அதைப் பாத்துப் பாத்துத்தான் வலை இழுத்தன்" என்று சொல்லி உடைந்துபோனாய். என் கண்ணில் மீன் செதில் பட்டுவிட்டதாக வீட்டில் சொல்லிவைத்தேன்.

பாட்டின்மேல் என் சந்தேகம் அன்றைக்குத்தான் உறுதியானது மச்சான். ஊர் சனம் கேட்டும் நீ சொல்லாததை ஒரு கம்பி வாங்கிவிட்டது. அப்படியொரு சாமானை வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். எச்சரிக்கையாகத்தான் இருக்கிறேன்.

அடுத்த மார்கழியிலிருந்து நீ அவளுக்குப் படைத்தாய். நீயும் போன பிறகு நான் படைக்கிறேன். "ரெண்டு பேருக்கும் ஒரே நாளில வைப்பமே" என்றாள் என் மனைவி. வேண்டாம் என்றேன். உன் திதி ஆவணியில், உனக்கு அப்போது வைப்போம். அந்தப் பூரணையைச் சொல்ல நீ பட்ட பாடு நான் கண்டது. அது அவளுக்கு மட்டும் இருக்கட்டும்.