அடியில் துளை வேண்டாம் என்றோம்

எசன்
புதன்கிழமை

அன்புள்ள பாலச்சந்திரன் அண்ணைக்கு,

அனுஜன் எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று யாராவது எனக்குச் சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது. முதலில் ஒன்று. நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்வித்த அந்தப் பித்தளை வேப்பின், அந்த மின்சிகரெட்டின், பொத்தானைத் தயவுசெய்து அமத்த வேண்டாம். பற்றரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

போன ஞாயிறு பான் நகரில் மிதுஷனுடைய கருவி வெடித்துவிட்டது. மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, காருக்கு வெளியே நின்று ஒரு இழுவை இழுத்திருக்கிறான். உள்ளே எலக்ட்ரோனிக் எதுவும் இல்லாத கருவி என்பதுதானே எங்களுக்கெல்லாம் பெருமை. பற்றரி சூடேறியபோது அதை நிறுத்த ஒன்றும் இருக்கவில்லை. வாயு வெளியேற வழியும் இருக்கவில்லை. உருளை துவக்குக் குழாய் மாதிரி மேல்பக்கத்தால் வெடித்தது. கீழ்த்தாடை உடைந்து, முன்பற்கள் போய்விட்டன. வலது கண்ணைப் பற்றி டாக்டர்மார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவனால் கதைக்க ஏலாது. “மற்ற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டியா?” என்று போனில் எழுதிக் காட்டினான். அவன் மனைவி பிரபாலினி என் பக்கம் திரும்பவேயில்லை. “விளையாட்டுச் சாமான் எண்டுதானே சொன்னனீங்கள்” என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நேரே, இதைச் செய்து தந்த சாவர்லாண்ட் பக்கத்துக் கடைசல்காரரிடம் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, அடியில் துளைகள் வைத்துத்தான் தான் வரைந்து தந்ததாகவும், வேண்டாம் என்றது நாங்கள்தான் என்றும் மெதுவாகச் சொன்னார்.

மல்லிகைக் கொடி வேலைப்பாடு அடிவரைக்கும் அறாமல் ஓட வேண்டும் என்று எங்கள் போன் குழுவில் வாக்கெடுத்தோம். நீங்கள் ஒருவர்தான் மறுத்தீர்கள். “தம்பி, அது அழகுக்குப் போட்ட ஓட்டை இல்லை, பற்றரி மூச்சு விடுற வழி” என்று எழுதினீர்கள். நாங்கள் சிரித்தோம். அன்றைக்கே நீங்கள் குழுவை விட்டுப் போய்விட்டீர்கள். ஆனாலும் உங்கள் பங்குக் கருவியை நான் அனுப்பினேன். ஒவ்வொரு பெட்டியிலும் முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பற்றரியை என் கையால்தான் வைத்தேன்.

மற்ற எல்லோரும் பற்றரியைக் கழற்றிவிட்டதாகப் பதில் போட்டுவிட்டார்கள். உங்களிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. போன் எடுக்கிறீர்கள் இல்லை. நேற்று பீலெஃபெல்ட்டுக்கு வந்து பெல் அடித்தேன். உங்களைச் சில நாட்களாகக் காணவில்லை என்று கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா சொன்னார். தபால்பெட்டி நிரம்பி வழிந்தது. வீதியில் நின்று உங்கள் சன்னலை அண்ணாந்து பார்த்தேன். அதைச் சுற்றிக் கரி ஏதும் படிந்திருக்கிறதா என்று என்னை அறியாமலே கண் தேடியது.

அண்ணை, என்னை ஏசுங்கோ. ஆனால் ஒரு சொல் அனுப்புங்கோ.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்
அனுஜன்


பீலெஃபெல்ட்
செவ்வாய்க்கிழமை

தம்பி அனுஜனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். போனை இங்கேயே விட்டுவிட்டுப் போய், ஹம்பேர்க்கில் அக்கா வீட்டில் நின்றுவிட்டு நேற்றுத்தான் வந்தேன். கோட்டைக் கழற்றாமலே உன் கடிதத்தைப் படித்தேன். நான் இருக்கிறேன் என்று மட்டும் போனில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். மிச்சத்தை வாயால் சொல்ல ஏலாமல்தான் எழுதுகிறேன்.

அந்தக் கருவி என்னிடம் இல்லை.

பெட்டியைத் திறந்ததும் அடியைத்தான் பார்த்தேன். துளை இல்லை. ஒருநாளும் வாயில் வைக்கவில்லை. அதை அப்படியே உடைத்துப் போட்டிருக்க வேண்டும். உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் அது வீட்டில் இருக்கவே கூடாது என்று நினைத்தேன். ஃப்ளோமார்க்ட்டுக்கு, அந்தப் பழைய சாமான் சந்தைக்கு, பழைய ரேடியோக்களோடு கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு இளம்பெண் வந்து எடுத்துப் பார்த்தாள். அப்பாவின் பிறந்தநாளுக்கு என்றாள். சிகரெட்டை விடப் பாடுபடுகிறாராம், பித்தளைச் சாமான் என்றால் அவருக்கு உயிராம். அதில் நீ தமிழில் வெட்டுவித்த என் பெயரைத் தடவி, இது என்ன எழுத்து என்று கேட்டாள். சும்மா ஒரு வேலைப்பாடு என்றேன். பிறகு, இது பாதுகாப்பானதுதானே என்று கேட்டாள். புதுசு, ஒருக்காலும் பாவிக்கவில்லை என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை, தம்பி. எப்படிப் பாவிப்பது என்று பற்றரியைப் போட்டுக் காட்டியவனும் நான்தான். உங்களுக்குச் சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை.

இன்றைக்குப் பொலிஸுக்குப் போனேன். பெயர் கேட்டார்கள், கார் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். என்னிடம் இருப்பது அவள் முகம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் சந்தை கூடுகிறது. கருவியின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு விடியவே வா. நீ வாசலில் நில். நான் அன்றைக்கு நின்ற இடத்தில் நிற்கிறேன். அவள் வராவிட்டால் அடுத்த சந்தைக்கும் நிற்போம்.

மிதுஷனுக்குக் கண் தப்ப வேண்டும். பிரபாலினியிடம் நான் கேட்டதாகச் சொல்.

பிறந்தநாள் எப்போது என்று அந்தப் பெண் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது இன்னும் வராமல் இருக்கட்டும்.

பாலச்சந்திரன்